தேதியை விட்டுப் படித்த அட்டை

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில், நிலப் பட்டாவுக்கும் ரேஷன் அட்டைக்கும் நடுவில், ஒரு நாயின் தடுப்பூசி அட்டை இருக்கிறது. ஒரு காலத்தில் நல்ல மஞ்சளாக இருந்தது. இப்போது வெளுத்து, மடித்த இடத்தில் நார் நாராகப் பிரிந்திருக்கிறது. பிராணியின் பெயர் என்ற இடத்தில் மணி. நிறம் என்ற இடத்தில் செவலை. உரிமையாளர் கையொப்பம் என்ற இடத்தில் என் பெயர், முதலெழுத்தோடு. எழுத்தும் என்னுடையதுதான். ஐந்தாம் வகுப்பில் எழுதியது. ‘ணி’யின் சுழி பக்கத்துக் கட்டத்துக்குள் போய் நிற்கிறது. அந்த அட்டைக்கு உரிய நாய் இறந்து பதினைந்து வருடம் ஆகிறது. போன மாதம் பெட்டியைத் துடைத்து அடுக்கும்போது அம்மா அதைக் கையில் எடுத்து, “இத்த இன்னாத்துக்கு இன்னும் வெச்சிகினு கீற?” என்று நைனாவைக் கேட்டாள். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நைனா அட்டையை வாங்கி, மடிப்பு இன்னும் பிரியாமல் நீவி, பட்டாவின் மேலேயே திரும்ப வைத்தார்.

நாங்கள் திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை போகும் சாலையை ஒட்டிப் பூந்தோட்டம் வைத்திருப்பவர்கள். சாமந்தி, சம்பங்கி, ஓரத்தில் கொஞ்சம் அரளி. விடியும்போது பறித்த பூ வெயில் ஏறுமுன் மலையடிவாரக் கடைகளுக்குப் போய்விட வேண்டும். இந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். நைனாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. என்னைவிடப் பத்து வயது பெரியவளான அக்காவுக்குப் பூப்பறிக்க விரல் நன்றாக ஓடும் என்று தோட்டத்திலேயே நிறுத்திக்கொண்டார்கள். நான் வளரும்போது கஷ்டம் கொஞ்சம் குறைந்திருந்தது, என்னை அனுப்பினார்கள். நான் திரும்பி வரவில்லை, படித்துக்கொண்டே போனேன். இதைச் சொல்லும்போது எனக்குத் தலை தானாக நிமிரும். நிமிரட்டும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நாய் என்றால் அதன் பெயர் மணி. குட்டி வந்ததும் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சே எழாது. ஒரு மணி போனால் அடுத்து வருவதும் மணி, அதுவும் செவலையாகத்தான் இருக்க வேண்டும். முடிந்தால் பழைய மணியின் வம்சத்திலேயே யார் வீட்டிலாவது தேடிப் பிடித்துக் கொண்டுவருவார் நைனா. வேறு பெயர் வைத்தால் தோட்டம் ஒத்துக்கொள்ளாது என்பார். அவரைப் பொறுத்தவரை நாய் சாகும், மணி சாகாது. நான் பிறப்பதற்கு முன் எத்தனை மணிகள் இருந்தன என்று கேட்டால் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. எனக்கு இரண்டு பேரைத் தெரியும். இரண்டு பேரையும் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் தவழும்போது இருந்த மணியைப் பெரிய மணி என்று வைத்துக்கொள்கிறேன். நிதானமான நாய். வால் நுனி மட்டும் சுண்ணாம்பில் தோய்த்ததுபோல் வெள்ளை. தோட்டத்தில் வரப்பின் மேல்தான் நடப்பான். ஒரு செடியை மிதித்து நான் பார்த்ததில்லை. விடிகாலையில் அம்மா இடுப்பில் கூடையோடு பாத்தியில் நுழைந்தால், இவன் வரப்பில் அவளுக்கு இணையாக நகர்வான். அவள் நின்றால் நிற்பான். பாம்பு கிடந்தால் மட்டும் ஒரே ஒரு முறை குரைப்பான். அந்த ஒற்றைக் குரைப்புக்கு அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பாடத்தைச் சத்தமாகப் படித்தால் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்வான். எங்கள் வீட்டில் நான் படிப்பதைக் கடைசி வரி வரை கேட்ட முதல் ஜீவன் அவன்தான்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஊரில் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாம் போட்டார்கள். கயிற்றிலும் சங்கிலியிலும் துணிப்பட்டையிலும் நாய்களைக் கட்டிக்கொண்டு ஊரே வரிசையில் நின்றது. ஊசி போட வந்தவர் தலை நிமிராமல் வேலை பார்த்தார். அட்டைகளை ஒரு கட்டாகக் கொடுத்து, எழுதத் தெரிந்தவர்கள் நிரப்பிக்கொள்ளுங்கள் என்றார். வரிசையில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எங்கள் அட்டையோடு சேர்த்து இன்னும் ஏழெட்டு நாய்களின் அட்டைகளையும் எழுதினேன். பெரியவர்கள் என் முன்னால் குனிந்து, நாயின் வயதை எனக்குக் கணக்குப்பண்ணிச் சொன்னார்கள். எங்கள் அட்டையில் கையொப்பம் வந்தபோது நைனா வழக்கம்போல் கட்டைவிரலை நீட்டினார். மை தடவிய பெட்டி அங்கே இல்லை. “நீயே போடு பாப்பா” என்றார். போட்டேன். வாழ்க்கையில் நான் போட்ட முதல் கையெழுத்து ஒரு நாய்க்காக. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நைனா அந்த அட்டையை மடிக்காமல், விரித்த கையில் வைத்துக்கொண்டே வந்தார்.

அடுத்த வருடம் பெரிய மணி கிழடாகிச் செத்துப்போனான். தோட்டத்துக் கோடியில் புங்க மரத்தடியில் புதைத்து, மேலே அன்றைக்குப் பறித்த சாமந்தியில் ஒரு கூடை கொட்டினார் நைனா. கடைக்குப் போக வேண்டிய பூ. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. எதன் மேல் என்று தெரியவில்லை. அன்று மாலை நான் பாடம் படிக்கவில்லை.

அதற்கடுத்த வருடம் வந்தான் சின்ன மணி. பெரியவனுடைய பேரன் முறை. செவலை என்பதைத் தவிர ஒன்றிலும் அவனை ஒத்திருக்கவில்லை. வரப்பு என்ற ஒன்று இருப்பதே இவனுக்குத் தெரியாது. பாத்திக்குள் புரண்டு எழுந்து, உடம்பெல்லாம் சாமந்தி இதழ் ஒட்ட வந்து நிற்பான். சம்பங்கி மொட்டைக் கடித்துத் துப்புவான். அம்மா விளக்குமாற்றோடு துரத்தினால் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு மறுபடி வருவான். பம்பை மேளச் சத்தம் மட்டும் ஆகாது. மலைக்குப் போகும் கூட்டம் தூரத்தில் வரும்போதே கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் புகுந்து, முன்னங்காலில் மூக்கைப் புதைத்துக்கொள்வான். நானும் அவனும் ஒரே வீட்டின் கடைக்குட்டிகள்போல் சண்டை போட்டுக்கொண்டே வளர்ந்தோம்.

அவனுக்கு யாரும் ஊசி போடவில்லை. முகாம் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நைனா போகவில்லை. மணிக்குத்தான் அட்டை இருக்கிறதே என்று அவர் நினைத்தார். ரேஷன் அட்டையில் ஆள் பிறந்தாலும் இறந்தாலும் அட்டை வீட்டோடு இருப்பதுபோல, மணியின் அட்டையும் மணியோடு இருக்கும் என்பது அவர் கணக்கு. எங்கள் வீட்டு வழக்கத்தை வைத்துப் பார்த்தால் அது தப்பான கணக்கும் இல்லை. எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. முகாம் நடந்ததைக்கூட யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது வந்த ஆடிக் கிருத்திகைக்கு, அக்காவின் கணவர் காவடி எடுத்தார். அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். அவர் என்னைக் கலெக்டரம்மா என்று கூப்பிடுவார். “இன்னா கலெக்டரம்மா, இன்னிக்கு எத்தினி பேருக்குப் பட்டா குடுத்த?” என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லாமல் இருந்து, அந்த வருடம்தான் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. அதற்கான நேர்த்திக்கடன் அந்தப் புஷ்பக் காவடி. எங்கள் தோட்டத்துப் பூவிலேயே, எங்கள் வாசலிலேயே கட்டினார்கள். பாவா மஞ்சள் வேட்டி கட்டி, நெற்றி மார்பு கையெல்லாம் விபூதியும் சந்தனமும் பூசி, கழுத்தில் முழங்கால் வரை மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றபோது எனக்கே ஒரு நிமிடம் அடையாளம் தெரியவில்லை. மணிக்கு எப்படித் தெரியும்? தினமும் பாவாவைக் கண்டால் வால் உதிரும் அளவுக்கு ஆட்டுகிறவன், அன்று கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தான். பம்பைக்காரர் சரியாகக் கட்டிலின் பக்கத்தில் நின்று முதல் அடி அடித்தார். காவடியைத் தோளில் ஏற்றிய பாவா ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டில் பக்கம் காலை வைத்தார். மணி பாய்ந்து கெண்டைக்காலைக் கவ்விவிட்டான்.

பம்பை நின்றது. மஞ்சள் வேட்டியில் இரத்தம் இறங்கியது. அக்கா குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து, கையில் கிடைத்த மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துக் காயத்தில் அப்பினாள். காவடி எடுக்க வந்திருந்த கூட்டத்தில் யாரோ, “வெறி புடிச்சிகிதுய்யா அதுக்கு! காவடிக்காரனக் கடிக்குதுன்னா பாரேன்!” என்றார்கள். அதற்கப்புறம் அதுதான் பேச்சு. காவடி எடுத்தவனைக் கடித்த நாயை உயிரோடு விட்டுவிட்டுப் படியேறினால் சாமி ஏற்காது என்றார் ஒருவர். பந்தலுக்குக் கொண்டுவந்திருந்த மூங்கில்களை நாலைந்து பேர் கையில் எடுத்தார்கள். மணி சுவரோரம் ஒண்டிக்கொண்டிருந்தான். தான் செய்தது தப்பு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. காது இரண்டும் பின்னால் ஒட்டியிருந்தன. நைனா அவன் முன்னால் போய் நின்றார்.

“எம் மணிக்கு ஊசி போட்டுகிது. கெவர்மெண்டு ஊசி. அட்டை கீது” என்றார். உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். “படி பாப்பா. எல்லாருக்கும் கேக்கறாப்பல படி.”

வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டம் தாண்டிய சுழி, என் முதல் கையெழுத்து, நாலு வருடத்துக்கு முந்தைய தேதி, அதன் பக்கத்தில் ‘அடுத்த ஊசி’ என்று காலியாக இருந்த இடம். இது பெரிய மணியின் அட்டை. முப்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூங்கில்கள் இன்னும் கையில்தான் இருந்தன. நான் படித்தேன். பிராணியின் பெயர், மணி. பால், ஆண். நிறம், செவலை. வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. உரிமையாளர் கையொப்பம். எல்லாவற்றையும் கணீரென்று படித்தேன். தேதியை மட்டும் படிக்கவில்லை.

அக்கா என்னிடம் வந்தாள். “நல்லா பாத்தியாடி? ஊசி போட்ட நாயிதானா?”

“ஆங், பாத்தேன்க்கா.”

மூங்கில்கள் கீழே இறங்கின. பாவா கையைத் தட்டிச் சிரித்தார். “கலெக்டரம்மாவே கையெழுத்து போட்டுகிறாங்க. இனிமே எவன் கேக்கறது? அடிங்கய்யா பம்பைய!” என்றார். நைனா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய அத்தனை வருடத்துக்கும் அன்று ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார். காவடி புறப்பட்டது. நைனா மணியைச் சங்கிலியில் கட்டிவிட்டுத் தோட்டத்திலேயே தங்கினார். நாங்கள் காவடியின் பின்னால் நடந்தோம்.

நான் செய்தது பொய். தேதியைத்தானே விட்டேன், சொன்ன ஒவ்வொன்றும் அட்டையில் இருந்ததுதானே என்று அன்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இன்று அப்படிச் சொல்லமாட்டேன். எழுத்து தெரியாதவர்கள் முன்னால் எதைப் படிக்கிறோம் என்பதைவிட எதைப் படிக்காமல் விடுகிறோம் என்பதில்தான் பெரிய திருட்டு இருக்கிறது. அந்த முப்பது பேரில் ஒருவருக்காவது என்னைச் சரிபார்க்க முடிந்திருந்தால் நான் அப்படிப் படித்திருக்கமாட்டேன்.

சரவணப் பொய்கையில் முழுகி எழுந்து படியேறினோம். முந்நூற்று அறுபத்தைந்து படியும் பாவாவின் கெண்டைக்கால் என் கண்ணுக்கு நேராகவே ஏறியது. குளித்ததில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைந்துபோய், இரண்டு பல் பதிந்த இடம் மட்டும் தெரிந்தது. சுற்றிலும் அரோகரா முழக்கம். அறிவியல் புத்தகத்தில் வெறிநோய்ப் பாடத்தை நான் மனப்பாடமாகச் சொல்வேன். நோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது என்ற வரி அதில் எந்தப் பக்கத்தில் எந்த ஓரத்தில் இருக்கிறது என்பதுவரை தெரியும். மணிக்கு வெறி இல்லை என்று என் மனசுக்குத் தெரியும். ஆனால் மனசுக்குத் தெரிவது வேறு, தெரிவது வேறு என்பதையும் அதே பள்ளிக்கூடம்தான் எனக்குக் காட்டியிருந்தது. இப்போது சொன்னால் பாவாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். சொன்னால், நாங்கள் இறங்குவதற்குள் யாராவது தோட்டத்துக்கு ஆள் அனுப்பி மணியை முடித்துவிடுவார்கள். இனிமேல் எங்கள் வீட்டில் நான் எதைப் படித்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். நேர்த்திக்கடன் முடியட்டும் என்று காத்திருந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. பயந்தேன்.

மேலே காவடியை இறக்கிவிட்டு மண்டபத்து நிழலில் உட்கார்ந்தோம். பக்கத்தில் மணவூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் பாவாவின் காலைப் பார்த்துவிட்டு, “நாய்க்கடியாம்மா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிம் போயிடு. வெளையாடாத” என்று அக்காவிடம் சொன்னார். அக்கா விபூதியை எடுத்துக் குழந்தையின் நெற்றியில் வைத்து, மிச்சத்தைப் பாவாவின் காயத்தில் தடவினாள். “ஊசி போட்ட நாயிதாங்க. எந் தங்கச்சி படிச்சிப் பாத்துச் சொல்லிட்டா. அவ சொன்னா சரியா இருக்கும்” என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். தோட்டத்தில் நின்றுபோன அக்கா. என் சீருடையைத் தன் கையால் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்து மடிப்புக் கலையாமல் எடுத்துத் தந்தவள்.

எழுந்து பாவாவின் முன்னால் போய் நின்றேன். “பாவா, நான் தேதிய படிக்கல. அது பழைய மணியோட அட்டை. இவனுக்கு ஊசியே போடல.”

அவர் சந்தனம் காய்ந்து வெடித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். அக்காவின் கை குழந்தையின் முதுகில் அப்படியே நின்றது. பிறகு பாவா கேட்டார்: “அப்போ எப்பிடி அவ்ளோ சத்தமா படிச்ச?”

“அவன அடிச்சிடுவாங்கன்னு.”

“நாயிக்கோசரம் பாவாவ வுட்ருவியா நீ?”

“அதான் சொல்லிட்டேனே.”

அக்கா என் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். அவள் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு வலித்தது, ஆனால் மூச்சு சீராக வந்தது. மலைமேலேயே ஒரு ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். அங்கே காயத்தைச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினார்கள். போன வருடம் நாக்கில் அலகு குத்திக்கொண்டு சிரித்தபடி போட்டோவுக்கு நின்ற பாவா, ஊசியைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “சிஸ்டர், மெதுவா” என்று அவர் கெஞ்சியதைக் கேட்டு, கன்னம் சிவந்திருந்த நானும் அழுதுகொண்டிருந்த அக்காவும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். நாயைக் கொல்லக் கூடாது, கட்டிவைத்துப் பத்து நாள் பார்க்க வேண்டும், ஆனால் இவருக்கு ஊசி ஒன்றுகூடத் தவறக் கூடாது என்றார் டாக்டர். அடுத்தடுத்த ஊசிக்கான நாட்களை ஒரு சீட்டில் எழுதி நீட்டினார். பாவா அதை வாங்கி நேராக என்னிடம் கொடுத்தார்.

அந்தச் சீட்டை அவர் கிழித்து எறிந்திருக்கலாம், அக்காவிடம் கொடுத்திருக்கலாம். என்னிடம் கொடுத்தார். “தேதிய மட்டும் வுட்டுடாத கலெக்டரம்மா” என்றார். அந்தப் பெயரை அதுவரை அவர் கேலியாகத்தான் சொல்லியிருந்தார்.

பொழுது சாயும்போது வீடு வந்து நைனாவிடம் சொன்னேன். அவர் பம்ப் செட்டுத் தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். பாதிக் கழுவின காலோடு வந்து உட்கார்ந்தார். ஊசி ஒரு வருடத்துக்குத்தான் என்பதும், ஒவ்வொரு நாய்க்கும் தனி அட்டை என்பதும் அவருக்கு அன்றுதான் தெரியும். “பழசு செத்தப்ப அத்த எறிஞ்சிருக்கணும். உன் எழுத்தாச்சேன்னு வெச்சிருந்தேன்” என்றார். அதுவரை அந்த அட்டை நாய்க்காகப் பெட்டியில் இருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் மூங்கில் எடுத்தவர்கள் வீடுகளுக்கு அவரே புறப்பட்டார். நானும் போனேன். “எம் பொண்ணு சரியாத்தான் படிச்சா, நான் குடுத்த அட்டைதான் தப்பு” என்று முதல் வீட்டில் ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்தேன். “இல்ல நைனா. தேதிய பாத்தேன். பாத்துட்டுத்தான் படிக்கல” என்றேன். அந்த வீட்டுப் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “படிச்ச புள்ளன்னா இப்பிடித்தான் கீது” என்றார். நாலு வீட்டிலும் இதைச் சொன்னேன். நாலு வீட்டிலும் ஏதாவது ஒரு பேச்சு வாங்கினேன். யாரும் மூங்கிலை எடுக்கவில்லை. சொல்லாமல் மறைப்பவன் வீட்டு நாயைத்தான் அடிக்கத் தோன்றும் போலிருக்கிறது.

பத்து நாள். மணி புங்க மரத்தில், அவனுடைய தாத்தாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில், சங்கிலியில் கட்டிக் கிடந்தான். தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் தள்ளி நின்றே தண்ணீர்க் கிண்ணத்தைக் கழியால் நகர்த்தி வைப்பேன். வெறிபிடித்த நாய் தண்ணீர் குடிக்காது என்று ஊரில் சொல்வார்கள். அவன் நாக்கு தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்கும்வரை நான் மூச்சு விடமாட்டேன். தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, “இன்னா, குடிச்சிட்டானா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஐந்தாம் நாள் அவன் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டான். அன்று பள்ளிக்கூடத்தில் ஒரு எழுத்தும் என் கண்ணில் ஏறவில்லை. மாலையில் ஓடிவந்து பார்த்தால் கிண்ணம் காலி, அவன் வாயில் ஒரு சம்பங்கி மொட்டு. பதினோராம் நாள் சங்கிலியை அவிழ்க்கப் பாவாவே வந்தார், கையில் ஒரு பிஸ்கெட் பாக்கெட்டோடு. “டேய், மொகத்த நல்லா பாத்துக்கடா. காவடி எடுத்தாலும் இதே மூஞ்சிதான்” என்று அவன் மூக்குக்கு நேராகக் குனிந்தார். மணி அந்த முகம் முழுக்க நக்கினான். அடுத்த வாரமே திருத்தணிக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டு, புது அட்டை வாங்கினேன். பாவாவின் கடைசி ஊசிக்கும் நான்தான் கூடப் போனேன். ஒரு தேதியும் தவறவில்லை.

அதற்கப்புறம் சின்ன மணி பதினோரு வருடம் இருந்தான். நான் பிளஸ் டூ முடித்தபோதும், அரக்கோணத்தில் கல்லூரிக்கு ரயிலில் போய்வந்தபோதும், காலையில் கே.ஜி.கண்டிகை டீக்கடை நிறுத்தம்வரை கூட வருவான். பஸ் ஏறியதும் டீக்கடைக்காரர் தரும் பாதி பன்னை வாங்கிக்கொண்டு திரும்புவான். நான் எழுதிய பரீட்சைகள் எத்தனை, தோற்றவை எத்தனை என்பது அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு மாலையும் நான் ஜெயித்து வந்ததாகத்தான் வரவேற்பான். ரயில்வேயில் வேலை கிடைத்த உத்தரவோடு வந்த அன்றும் அதே குதிதான். ஒரு மயிரளவும் கூடவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

இப்போது அரக்கோணத்தில் முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாள் முழுக்கத் தாள்கள் வரும். எழுதத் தெரியாதவர்கள், “நீயே எழுதிக்கம்மா” என்று வெறும் தாளை நீட்டுவார்கள். எழுதுவேன். எழுதியதை ஒரு வரி விடாமல் திரும்பப் படித்துக் காட்டுவேன். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். உடன் வேலை செய்பவர்கள் இவ்வளவு தேவையா என்பார்கள். தேவைதான். என் வேலையை நான் நன்றாகச் செய்கிறேன் என்று எனக்குத் தெரியும். அதற்கான காரணங்களில் பாதியை ஒரு நாய் கொடுத்தது.

இந்த வருடம் தைப் பொங்கல் முடிந்து சில நாட்களில் சின்ன மணி போனான். முதுமைதான். கண் மங்கி, பின்னங்கால் இழுத்து, கடைசி மாதங்களில் அவனும் வரப்பின் மேலேயே நடக்கப் பழகியிருந்தான். பாத்திக்குள் இறங்கினால் ஏற முடியாது என்று புரிந்துகொண்டானோ என்னவோ. அம்மா விளக்குமாற்றை மறந்துவிட்டு, அவன் புரளட்டும் என்றே ஒரு பாத்தியைப் பறிக்காமல் விட்டிருந்தாள். அங்கேதான், சாமந்திக்குள் படுத்தபடி கிடந்தான். நான் விடுப்புப் போட்டுவிட்டு வந்தேன். இந்தமுறை அழுகை வந்தது, நன்றாக அழுதேன். பாவாதான் குழி வெட்டினார். அவருடைய பையன், அந்தக் காவடிக் குழந்தை, இப்போது என் தோள் உயரம், அவனும் அழுதான். நைனா மறுபடி ஒரு கூடைப் பூவைக் கொட்டினார்.

போன ஞாயிற்றுக்கிழமை பாவா சட்டைக்குள் எதையோ பொத்திக்கொண்டு வந்தார். செவலைக் குட்டி. எங்கே தேடினாரோ, வால் நுனியில் வெள்ளை. நைனா அதைத் தூக்கி வாலைப் பார்த்துவிட்டு, வெகுநேரம் கீழே விடவில்லை. பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த நாள் ஊசிக்குக் கொண்டுபோனோம். இப்போதெல்லாம் அட்டையை அவர்களே அச்சடித்ததுபோல் நிரப்பித் தந்துவிடுகிறார்கள். கையொப்பம் மட்டும் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் நைனா தகரப் பெட்டியைத் திறந்தார். சின்ன மணியின் அட்டையைப் பழைய மஞ்சள் அட்டையோடு சேர்த்து ஒரு உறைக்குள் வைத்தார். புதிய அட்டையை மட்டும் என் கையில் கொடுத்தார்.

“படி பாப்பா” என்றார். அம்மா அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். குட்டி அவள் புடவை ஓரத்தைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

பெயர் என்று வாயெடுத்தேன். பாவா வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி, கெண்டைக்காலில் இருந்த இரண்டு தழும்புகளையும் தட்டிக் காட்டினார்.

“மொதல்ல தேதி, கலெக்டரம்மா.”

தேதியைப் படித்தேன். நாள், மாதம், வருடம். பிறகு அடுத்த ஊசிக்கான நாள், மாதம், வருடம். தோட்டத்துக் கோடி வரை கேட்கும்படி படித்தேன்.